கோமதியின் காசுமாலையை உருக்கச் சொன்னவனுக்கு

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகைக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். போனில் பேசலாம் என்றால், எனக்குக் கோபம் வருகிறது என்று தெரிந்ததுமே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் எழுதவேண்டி வரும் என்று நினைத்ததில்லை. இதை உன் அப்பாவும் உன் அக்கா கோமதியும் நீ கட்டப்போகிற பவித்ராவும் படித்த பிறகுதான் அனுப்பப்போகிறேன். வேறு யாராவது கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். இதில் ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒளித்ததெல்லாம் நீ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கூப்பிட்டாய். மண்டபத்துக்காரனைப் பற்றியும் சமையல்காரரைப் பற்றியும் பேசிவிட்டு, ஏதோ மறந்துபோன சாமானை ஞாபகப்படுத்துகிற மாதிரி, "அம்மா, அந்தப் பழைய காசுமாலை கிடக்குல்லா, அதைக் கடையில கொடுத்து உருக்கிட்டு பவித்ராவுக்குப் புதுசா ஒரு ஆரம் பண்ணிருவோம்" என்றாய். அது கோமதியுடையது, அதை ஏன் உருக்க வேண்டும் என்று கேட்டேன். "அவங்க வீட்ல பிரியப்படலம்மா. அக்கா கழுத்துல கெடந்தது. ஒடஞ்சுபோன ஒரு வாழ்க்கையோட நகை. புதுப்பொண்ணு இருக்கிற வீட்டுல அது அப்படியே கெடக்க வேண்டாம்னு நினைக்காங்க. ஒரு நெகட்டிவ் எனர்ஜி இருக்கும்லா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கட்டிலில் எறிந்தாய் என்று உன் அப்பா சொல்கிறார். எறிந்துதான் இருப்பேன்.

அந்த மாலை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்ததையே மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை மறந்துவிட்ட மாதிரிப் பேசினாய். என் அப்பா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முடிந்தபோதெல்லாம் ஒரு பவுன் காசு வாங்குவார். ஒரு பக்கம் ராணியோ தாடி வைத்த ராஜாவோ இருப்பார்கள். மறுபக்கம் குதிரையில் ஒருவன் ஏறி உட்கார்ந்து காலடியில் கிடக்கும் மிருகத்தைக் குத்திக்கொண்டிருப்பான். இன்றைக்கு நாம் எட்டு கிராமைப் பவுன் என்கிறோமே, அந்தச் சொல்லே இந்தக் காசிலிருந்து வந்ததுதான். கப்பலேறித் தூத்துக்குடியில் வந்து இறங்கும்போது அவர் மடியில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கொழும்பு வேலை போய் ஊரோடு வந்துவிட்ட பிறகு, ஒருவேளைக் கஞ்சியோடு நாங்கள் படுத்த நாட்களிலும் அந்தக் காசுகளில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. என் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து, டவுனில் ஆசாரியிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். காசில் துளை போடக் கூடாது, மேலே வளையம் பற்றவைத்துத்தான் கோர்க்க வேண்டும் என்று சொன்னார். ஆசாரி சலித்துக்கொண்டார்.

"துளை போட்டா வேலை வெரசா முடியும் அண்ணாச்சி. பார்வைக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது."

"வெரசா முடியணும்னு நான் சொல்லலியே வே. கோத்துக் கெடந்தா அது நகை. எம்மவளுக்கு ஒரு கஷ்டம் வந்து பிரிச்சான்னா அது காசு. ரெண்டுமா இருக்கணும். அவ கையில இருக்கணும்."

அதனால் சொல்கிறேன், அது உன் அப்பா வீட்டுச் சொத்து இல்லை. மூத்த மகன் பெண்டாட்டிக்குப் போகிற பரம்பரை நகையும் இல்லை. ஒரு தகப்பன் தன் மகளுக்குச் செய்தது. நான் அதை என் மகளுக்குக் கொடுத்தேன். நடுவில் நீ எங்கே வந்தாய்? இப்போது கடைகளில் ஆன்டிக் காசுமாலை என்று விற்கிறார்கள், பார்த்திருப்பாய். நேற்று அச்சில் வார்த்த காசுக்கு, பழசாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் கறுப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போன அன்று அப்படி ஒன்றை நீ பவித்ராவிடம் காட்டி, "ஹெவியா இருக்குல்லா, ராயல் லுக்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பழசு மாதிரி இருப்பது உனக்கு வேண்டும். பழசாகவே இருப்பது உன் அக்காவுடையதாக இருந்துவிட்டால் மட்டும் வேண்டாம்.

கோமதிக்குக் கல்யாணமாகி ஸ்ரீவைகுண்டம் போனபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அந்த வீட்டில் முதல் வாரமே மாமியார் வந்து, "நகையெல்லாம் என் பீரோவுல இருக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்று வாங்கிக்கொண்டாள். கோமதியும் கொடுத்தாள். இரண்டு தீபாவளி அந்த வீட்டில் இருந்தாள். இரண்டாவது தீபாவளி கழிந்து ஒருநாள், ஒரு கைப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றாள். பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்னை வெளியே அனுப்பாமல் என் முன்னாலேயே, "பல்லுல ஒண்ணும் இல்ல. அடிச்சது யாரு?" என்று கேட்டார். கோமதி சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை; நானும் உன் அப்பாவும் போகச் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பெரியம்மா சொன்னாள், பெரியப்பா சொன்னார், பால்காரர்கூடச் சொன்னார். நாங்கள் யார் சொன்னதையும் கேட்கவில்லை.

மற்ற நகைகளை ஆள் வைத்துப் பேசி வாங்கிவிட்டோம். காசுமாலையை மட்டும் கேட்கும்போதெல்லாம், "அப்படி ஒரு மாலைய நாங்க கண்ணால பாத்ததே இல்ல" என்று பதில் வந்தது. விவாகரத்துக் கையெழுத்தான பிறகும் அதே பதில்தான். நானே விட்டுவிடலாம் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் அந்தக் கல்யாணம் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் சொந்தமான வீட்டுக் கல்யாணம், ஸ்ரீவைகுண்டத்திலேயே. போக வேண்டாம் என்றேன். கோமதிதான், "நாம என்ன திருடிட்டா வந்தோம், போவோம்மா" என்றாள். நீயும் கூட வந்தாய். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மூன்றாவது வரிசையில் அவளுடைய பழைய மாமியார் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் என் அப்பாவின் காசுகள்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. கோமதி நிற்கவில்லை. நேராக நடந்து போய் அவள் முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கேட்கும் அளவுக்குத்தான் பேசினாள்.

"அத்தே, அது எங்கம்மா எனக்குப் போட்டது. கழட்டித் தாங்க."

"யாருடி ஒனக்கு அத்தை? இது எங்க வீட்டு நகை, எங்க மாமியார் போட்டது. கல்யாண வீட்ல வந்து வம்பு பண்ணுதியா?"

"கல்யாண வீட்ல வச்சுத்தான் என் கழுத்துல போட்டாங்க. கல்யாண வீட்ல வச்சே தாங்க."

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு நம் பக்கம் திரும்பியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் ஓடி வந்து, "ஏட்டி, பைய பேசு. எதுன்னாலும் பொறவு பேசிக்கிடலாம்" என்றார். "பொறவு இது இருக்காது மாமா. ஏற்கனவே இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள் கோமதி. சரி, உன்னுடையது என்பதற்கு அடையாளம் சொல் என்றார் அவர். அவள் அந்த மாலையைப் பார்க்கக்கூட இல்லை, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். எல்லாக் காசிலும் தலை வெளியே இருக்கும், இடப்பக்கம் தோளை ஒட்டி ஒரு காசில் மட்டும் குதிரை வெளியே இருக்கும், ஆசாரி திருப்பிப் பற்றவைத்துவிட்டார், எங்கள் தாத்தா அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் என்றாள். பெரியவர் குனிந்து பார்த்தார். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அந்தம்மாள் முந்தானையை இழுத்து மூடப் பார்த்தாள். பெரியவர், "கழட்டிக் குடுத்துருங்க" என்றார், அவ்வளவுதான்.

வாங்கியதும் திரும்பிவிடலாம் என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அந்த இடத்திலேயே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "மொய் எழுதியாச்சும்மா, சாப்பிட்டுட்டுத்தான் போணும்" என்று பந்தியில் போய் உட்கார்ந்தாள். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் ஒரு வாய்கூட விழுங்க முடியாமல் இலையை மூடினேன். நீ? நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பஸ்ஸில் வரும்போது பின் சீட்டிலிருந்து எட்டி, "அக்கா, நீ மாஸ்" என்றாய். வீட்டுக்கு வந்ததும் உன் கூட்டாளிகளை எல்லாம் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொன்னாய், நாதஸ்வரத்தையும் சேர்த்து நடித்துக் காட்டினாய். அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒடஞ்சுபோன வாழ்க்கையின் நகை என்றாயே. உடைந்ததே, அது யாரால் உடைந்தது? அவள் புருஷன் கை ஓங்கினான். காசு ஓங்கவில்லை. அவன் பொய் சொன்னான், அவன் அம்மா பொய் சொன்னாள். காசுமாலை பீரோவுக்குள் சும்மா கிடந்தது. உன் கல்யாணம் கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தால் கழுத்தில் கிடப்பதை ஏன் பார்க்கிறாய், உன் கையைப் பார். உன் நாக்கைப் பார். பெண்டாட்டியின் ஒரு சொல் பிடிக்காதபோது அந்தக் கை என்ன செய்யும், அந்த நாக்கு என்ன சொல்லும் என்று இப்போதே யோசித்துப் பார். அதை விட்டுவிட்டுத் தங்கத்தை நெருப்பில் போட்டால் தலைவிதி சுத்தமாகிவிடும் என்று பெங்களூரில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நெகட்டிவ் எனர்ஜி என்றாயே, உனக்கு டெங்கு வந்ததை மறந்துவிட்டாயா? உன் அப்பாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, என்னால் நகர முடியவில்லை. கோமதிதான் ஆபீஸில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பெங்களூர் அவளுக்குப் புது ஊர், பாஷை தெரியாது. ஆஸ்பத்திரியில் உன் படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். உனக்குத் தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி வந்தபோது இளநீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். நீ எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும், மெலிந்துவிட்டான் என்று சொல்லி இன்னும் சில நாள் இருந்து, உன் அறையில் ஒற்றை அடுப்பில் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போது அந்தக் கையில் ராசி பார்த்தாயா? வாயைத் துடைத்துவிட வந்த கையைப் பிடித்து, "அக்கா, உனக்கு நெகட்டிவ் எனர்ஜி இருக்கு, தள்ளி நில்லு" என்று சொன்னாயா? சாகக் கிடந்தபோது வேண்டியிருந்தவள், நீ மாலையும் கழுத்துமாக நிற்கும்போது மட்டும் ஆகாதவள் ஆகிவிட்டாளா?

இதெல்லாம் திங்கட்கிழமை வரைக்கும் எனக்கு இருந்த கோபம். அப்போதும் பாதிக் கோபம் பவித்ரா வீட்டார் மேல்தான் இருந்தது. பிள்ளை நல்லவன்தான், அவர்கள் சொல்லைத் தட்ட முடியாமல் திணறுகிறான் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். தாய் மனசு அப்படித்தான், எங்கேயாவது ஒரு சாக்குத் தேடும். திங்கட்கிழமை காலையில் புடவையை மாற்றிக்கொண்டு தச்சநல்லூரில் பவித்ரா வீட்டுக்குப் புறப்பட்டேன். உன் அப்பா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏளா, சம்பந்தம் பேசி முடிச்ச இடம். நீ போயி அங்கன என்னத்தையாவது சொல்லி வைக்காத."

"சொல்லத்தான் போறேன். நகரும்."

பவித்ராவின் அம்மா வாசலில் காய்கறிக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்க சம்பந்தி, ஒரு போன் பண்ணியிருந்தா இவுகளையும் கடையிலேருந்து வரச் சொல்லியிருப்பேனே" என்று உள்ளே கூட்டிப்போனாள். காபி போடப் போனவளை நிறுத்தினேன். காபி வேண்டாம், ஒரு பதில்தான் வேண்டும் என்றேன். "என் மகளோட நகையைக் கண்டா உங்களுக்கு என்ன பயம்? அவ புருஷனை விட்டுட்டு வந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதானே பொண்ணு குடுத்தீங்க? அதை உருக்கணும்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?" என்று கேட்டேன். என் குரல் தெரு வரைக்கும் போயிருக்கும்.

அவள் பால் பாத்திரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "எந்த நகை சம்பந்தி? உருக்கவா? என்ன சொல்லுதிய, எனக்கு ஒண்ணும் புரியலியே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும். அந்தச் சத்தத்தில் பவித்ரா கழுத்தில் ஹெட்போனைத் தொங்கப் போட்டபடி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை சத்தம் குறைந்துதான் வந்தது. அவள் முழுக்கக் கேட்டாள்.

"அத்தே, நாங்க யாரும் அப்படிச் சொல்லல. அந்த மாலைய நான் பாத்ததே இல்ல. அவங்கதான் ஒரு விஷயம் சொன்னாங்க."

"என்ன சொன்னான்?"

"மதினிக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்காதாம், கல்யாணத்துக்கு வர முடியாதாம். நாத்தனார் முடிச்ச சித்தி பொண்ணு போடுவான்னு சொன்னாங்க. எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு குடுக்க மாட்டாங்களான்னுகூடக் கேட்டேன். ரொம்ப ஸ்ட்ரிக்டான ஆபீஸ்னு சொன்னாங்க."

தம்பி, அந்த நிமிஷம் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது முடிச்சு. நீ தாலியில் இரண்டு முடிச்சுப் போட்டதும், பின்னால் நின்று மூன்றாவதைப் போடவேண்டிய உன் கூடப் பிறந்தவளையே வரவிடாமல் செய்துவிட்டு, அந்தப் பழியை அவள் ஆபீஸ் மேல் போட்டிருக்கிறாய். மாலையை உருக்கும் பழியை இவர்கள் வீட்டு மேல் போட்டிருக்கிறாய். உன் பயத்தை உன் வாயால் சொல்ல உனக்குத் தைரியமில்லை, அதற்கு ஊரார் வாயெல்லாம் இரவல் வேண்டியிருந்தது. நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள், "விடுங்க சம்பந்தி, பெத்தவ கோவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி கொண்டுவந்தாள். குடித்தேன்.

சாயங்காலம் கோமதி வேலை விட்டு வந்ததும் கேட்டேன். அவள் மறுநாளைக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"அவன் போன மாசமே என்கிட்டக் கேட்டுட்டாம்மா. மணவறைப் பக்கம் வராம இருந்துக்கிடுதியாக்கான்னான். சரின்னுட்டேன்."

"சரின்னியா? ஸ்ரீவைகுண்டத்துல அத்தனை பேருக்கு முன்னால நின்னவ, இவன்கிட்ட சரின்னியா?"

"அவங்க அந்நியம்மா. அவங்ககிட்டச் சண்ட போடத் தெரிஞ்சுச்சு. இவன்கிட்ட எப்படிப் போடணும்னு தெரியல. பொறவு மாலையப் பத்திப் பேச்செடுத்தான். அது முடியாதுன்னு போனை வச்சுட்டேன். அதனாலதான் ஒங்கிட்ட வந்திருக்கான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு அழுவ."

நான் அழவில்லை. உன் அப்பா அழுதார். தபால்காரி புருஷன், எதற்கும் பைய பேசு பைய பேசு என்கிற மனுஷன், எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "கல்யாணத்துக்கு நானும் வரல, எனக்கும் லீவு இல்ல" என்றார். கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூண்டுத்தோலோடு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள், நேற்று, பவித்ரா ஸ்கூட்டரில் வந்தாள். நான் வரச் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லிவிட்டு வரவில்லை என்றாள். கோமதி வேலையிலிருந்து வரும் நேரம் பார்த்து வந்திருந்தாள். "மதினி, அந்த மாலைய நான் பாக்கலாமா?" என்று கேட்டாள். கோமதி பீரோவிலிருந்து எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு காசாகத் தூக்கிப் பார்த்தாள். தேய்ந்து மூக்கே தெரியாமல் போன ராணி முகத்தைக் காட்டி யார் என்று கேட்டாள். "இங்கிலாந்து ராணி. எங்க தாத்தாவுக்கு அவங்களத் தெரியும், அவங்களுக்குத்தான் தாத்தாவத் தெரியாது" என்றாள் கோமதி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுக்களைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்டதுதான், அதில் எனக்கு வெட்கமில்லை.

பிறகு பவித்ரா சொன்னாள், "மதினி, இத நீங்கதான் போட்டுட்டு வரணும். மூணாவது முடிச்சும் நீங்கதான் போடணும். எனக்கு ஆசையா இருந்தா அப்பப்ப இரவல் வாங்கிக்கிடுதேன்."

கோமதி பதில் சொன்னபோது அவள் குரலில் ஸ்ரீவைகுண்டம் இருந்தது.

"ஒனக்காகன்னா இப்பவே போடுவேன். ஆனா அது ஒன் கல்யாணம் மட்டும் இல்லியே. வராதன்னு சொன்னவன் அவன். வான்னும் அவனே சொல்லணும். எங்கம்மா மூலமா இல்ல, ஒன் மூலமாவும் இல்ல."

"சொல்லுவாங்க."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா மொத ரெண்டு முடிச்சும் வேண்டாம் மதினி."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் அளவு சரியில்லாத செருப்பை வேண்டாம் என்று தள்ளுவது போலச் சொன்னாள். மாலையைத் துணியில் சுற்றிக் கோமதி கையில் கொடுத்தாள், நான் வைத்த சுண்டலைச் சாப்பிட்டாள், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். அவள் இன்னும் உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். நீயாக என்ன செய்கிறாய் என்று பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கு அவளை மிகவும் பிடித்திருக்கிறது. உனக்கு இவ்வளவு நல்ல பெண் எப்படிக் கிடைத்தாள் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

உனக்காக நான் யாரிடமும் பரிந்து பேசப் போவதில்லை. கோமதியிடம், தம்பிதானே விட்டுக்கொடு என்று சொல்லமாட்டேன். பவித்ராவிடம், ஆம்பளைப் பிள்ளை ஏதோ பயத்தில் சொல்லிவிட்டான் என்று சொல்லமாட்டேன். இந்த ஊரில் அம்மாக்கள் காலங்காலமாகப் பார்த்துவரும் உத்தியோகம் அது, நான் பார்க்கமாட்டேன். போனில் கேட்டு முடித்துவிடலாம் என்றும் நினைக்காதே, போனில் நீ எப்படிப் பேசுவாய் என்று எங்களுக்குத் தெரியும். லீவு போட்டுவிட்டு வா. பெங்களூர் ஆபீஸ் உனக்கு லீவு கொடுக்கும் என்று நம்புகிறேன்.

காலை ரயிலில் வந்தால் நீ வீடு சேரும்போது கோமதி வேலைக்குப் போயிருப்பாள். குளி, இட்லி வைத்திருப்பேன், சாப்பிடு. என்னிடம் எதுவும் விளக்கிச் சொல்ல வராதே, நான் கேட்கமாட்டேன். உன் அப்பாவிடமும் போகாதே. இங்கே வண்ணார்பேட்டையில் அவள் ஆபீஸ் இருக்கும் இடம் உனக்குத் தெரியும். சாயங்காலம் அவர்கள் எல்லோரும் படியிறங்கி வெளியே வருவார்கள். கூட வேலை பார்க்கும் பெண்கள் இருப்பார்கள், டீக்கடையில் ஆள் நிற்கும், பஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கும். அங்கே வைத்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அவளைக் கூப்பிடு.

அம்மா